கைப்பையில் ஒரு தெர்மோமீட்டர்

இன்று மகனோடு தர்மபுரம் பஸ்ஸில் போகும்போது பக்கத்தில் இருந்த அக்கா மெதுவாகக் கேட்டார்: "தங்கச்சி, மகனுக்குக் கீமோ எப்ப முடிஞ்சது?"

எனக்குத் திக்கென்றது. மகனுக்கு முடி வளர்ந்துவிட்டது, பள்ளிக்கூடமும் போகிறான். இவருக்கு எப்படித் தெரியும்?

புற்றுநோய்க்கு மூலிகை எண்ணெய் விற்க வருபவர்கள் இப்படித்தான் கதையைத் தொடங்குவார்கள்.

"ஆர் சொன்னது?" என்று வெடுக்கென்று கேட்டேன்.

"ஒருத்தரும் சொல்லேல்லை. நெடுக அவன்ர நெத்தியைத் தொட்டுப் பாக்கிறியள். பையுக்குள்ள தெர்மோமீட்டரும் கண்டனான். கீமோ நேரம் காய்ச்சல் வந்தா ஆபத்தெண்டு நானும் இப்பிடித்தான் திரிஞ்சனான்."

தன் கைப்பையைத் திறந்து காட்டினார். உள்ளே அதே சாமான்.

"என்ர மகள் சுகமாகி இப்ப கம்பஸ் போறாள். எனக்குத்தான் இதை வீட்டில வைக்க மனம் வரேல்லை."

இறங்கும்போது நம்பர் தந்து, என்னுடையதையும் வாங்கிக்கொண்டார். எண்ணெய்ப் போத்தலின் படம் வருமோ என்று போனைப் பார்த்தபடி இருக்கிறேன்.

வேறு யாருடைய பையில் இன்னும் தெர்மோமீட்டர் இருக்கிறது?