உள்ளேயிருந்து பதில் தட்டிய கார்

பிள்ளைகளா, இதை மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். பெரியவன் சிரிப்பான் என்று தெரியும், சிரிக்கட்டும். பேய், பிசாசு, காத்து கருப்பு எதையும் நான் நம்பினவன் இல்லை. இன்றைக்கும் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவேன், நீங்களே பார்த்திருக்கிறீர்கள். ஆனால் ஒரு மத்தியானம் நடந்ததை மட்டும் என்னால் இல்லை என்று சொல்ல முடியவில்லை.

நீங்கள் பிறப்பதற்கு முன்னால், எழுபத்தொன்பதோ எண்பதோ இருக்கும். உங்கள் அம்மா அப்போது என்னோடு இல்லை. அவளுடைய அண்ணன் தேசப்பன், நீங்கள் பார்க்காத உங்கள் மாமா, என்னோடு ஒரே படகில் தொழில் செய்தவன், எனக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் தனியாகக் கடலுக்குப் போனான். படகும் வரவில்லை, ஆளும் வரவில்லை. காரியம் முடிந்ததும் உங்கள் அம்மா ஆரம்பாக்கத்துத் தாய் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். பஸ் ஏறும்போது, "அண்ணனைக் குடுத்துட்டேன், உன்னையும் குடுக்க முடியாது. கரையில ஒரு வேலைய பாத்துக்கினு வந்து கூப்டு, வரேன்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை, மெதுவாகச் சொன்னாள்.

கோட்டைக்குப்பத்து வீட்டில் ஏழெட்டு மாதம் ஒண்டியாகக் கிடந்தேன். ஒரு ஆளுக்குக் குழம்பு வைக்கத் தெரியாமல் இரண்டு ஆளுக்கு வைத்து மறுநாளும் அதையே சாப்பிடுவேன். சில நாள் அடுப்போடு பேசியிருக்கிறேன், சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அப்போதுதான் பொன்னேரி மெக்கானிக் ரத்தினம் ஒரு கார் விற்கிறார் என்று தெரிந்தது. சோழவரத்தில் கார்ப் பந்தயத்தில் ஓடின கார். இரண்டே சீட்டு, தரையோடு தரையாகச் சிவப்பாக இருக்கும். பின்பக்க மூடியைக் கழற்றிவிட்டு இறால் கூடை வைக்கப் பலகை அடித்திருந்தார். ஐஸ் கரைவதற்குள் இறாலைக் கம்பெனி வாசலில் இறக்குகிறவனுக்குத்தான் மதிப்பு, லாரிகளுக்கு முன்னால் போய் நிற்கிற வண்டியாக இருக்கட்டும் என்று நினைத்தேன். லேசான படகுதான் வேகமாகப் போகும் என்று பழகின புத்திக்கு வேறு எப்படித் தோன்றும்? ஐஸ் லாரியில் கிளீனராக இருந்தபோது வண்டி ஓட்டக் கற்றிருந்தேன். அந்தக் கார் கைக்கு வந்தால் இறால் ஏற்றுகிற கரை வேலை ஆகிவிடும், மறுநாளே ஆரம்பாக்கத்துக்கு ஓட்டிக்கொண்டு போய் உங்கள் அம்மாவை ஏற்றிக்கொண்டு வந்துவிடலாம், அது ஒன்றுதான் மனசில்.

காரோடு ஒரு நோட்டும் இருந்தது. ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்னாலும் காரைச் சோதித்து எழுதின நோட்டு. எல்லாம் இங்கிலீஷ், நான் ஆறாவதோடு நின்றவன். பழவேற்காட்டில் மளிகைக் கடை வைத்திருந்த ஜமால் பாயிடம் வாசிக்கக் கொடுத்தேன். பிரேக் சரி, ஸ்டியரிங் சரி, அடிச்சட்டம் சரி, கீழே கையெழுத்து, பக்கத்துக்குப் பக்கம் இதேதான். "உங்காளுங்க எழுதுற ஜாதகத்துல கூட ஒரு தோஷம் இருக்கும்பா, இதுல ஒண்ணுமில்ல, வாங்கு" என்று சிரித்தார்.

குறித்த நாளில் ரத்தினம் காரைக் கொண்டுவந்து பழவேற்காட்டு ஏரிக்கரையில் சவுக்கு மரத்தடியில் நிறுத்தினார். "நிம்மதியா பாருபா, நான் போய் சோறு துன்னுட்டு வரேன்" என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டு என் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். உச்சி வெயில். ஆண்கள் தொழிலுக்குப் போயிருந்தார்கள், கரையில் ஒரு ஈ காக்கா இல்லை.

காரை எப்படிப் பார்ப்பது என்று எனக்கு என்ன தெரியும், படகைப் பார்க்கத் தெரியும். பழைய படகு வாங்கும்போது நம்மவர்கள் இரண்டு பேராகத்தான் பார்ப்பார்கள். ஒருவன் உள்ளே பலகையில் காதை வைத்துப் படுத்துக்கொள்வான், இன்னொருவன் வெளியே இரண்டு தட்டு தட்டுவான். நல்ல பலகையாக இருந்தால் உள்ளே இருப்பவன் அதே இடத்தில் இரண்டு தட்டு திருப்பித் தட்டுவான். அழுகின பலகை சத்தத்தைத் தின்றுவிடும், அவனுக்குக் கேட்காது, பதில் வராது. எங்கள் இரண்டு பேரில் உள்ளே படுக்கிறவன் எப்போதும் தேசப்பன்தான். இரண்டு தட்டு தட்டிவிட்டு நகத்தால் நீளமாக ஒரு கீறு கீறுவான். ஏன் மச்சான் என்றால், "உள்ள ஆள் இருக்குதுனு உனுக்குத் தெரிய வேணாமா" என்பான்.

உள்ளே படுக்க ஆள் இல்லாவிட்டாலும் பழக்கத்தில் வலது பக்கப் பின் கோடியில் விரலை மடக்கி இரண்டு தட்டு தட்டினேன்.

உள்ளேயிருந்து இரண்டு தட்டு கேட்டது.

நம்பினால் நம்புங்கள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன், உள்ளே யாரும் இல்லை. குனிந்து அடியில் பார்த்தேன், மணல்தான். தகரம் வெயிலில் விரிந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டு ஒரு முழம் தள்ளித் தட்டினேன். இரண்டு தட்டு, பிறகு நகத்தால் ஒரு கீறல்.

ஓடியிருக்க வேண்டும், ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். ஏழெட்டு மாதமாக நான் என்ன செய்தாலும் பதில் சொல்ல ஆள் இல்லாதவன், எனக்கு ஒரு பதில் வந்தது, அவ்வளவுதான். முன்பக்கம் சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்தேன், தட்டத் தட்டப் பதில் கூடவே வந்தது. இடது கதவுக்குக் கீழே தட்டினபோது வரவில்லை. மறுபடி தட்டினேன், இல்லை. ஒரு சாண் தள்ளித் தட்டினால் வருகிறது, திரும்ப அங்கே வந்தால் இல்லை. படகுக்குச் செய்கிற மாதிரி அந்த இடத்தில் செங்கல் துண்டால் கோடு போட்டேன்.

ரத்தினம் வந்து பார்த்துவிட்டு, "இன்னாபா, காருக்கு நாமம் போட்டு வச்சிருக்க" என்றார்.

"இங்க அழுகல்ணே" என்றேன்.

"புக்குல அத்தனி கையெழுத்து கீது, நீ கையால தட்டிட்டு அழுகல்னுவியா?" என்று என்னைப் பொய்யனாக்குவதற்காகவே ஸ்குரூ டிரைவரை எடுத்து அங்கே குத்தினார். பிடி வரைக்கும் உள்ளே போனது. சிவப்பு பெயிண்டுக்குப் பின்னால் ஓட்டையை மெழுகின பட்டிப் பூச்சும் அடைத்த கந்தல் துணியும், அதற்குப் பின்னால் அடிச்சட்டம் துருப்பிடித்து ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. அவர் முகம் செத்துப்போனது. "நானும் புக்க பாத்துதாம்பா வாங்குனேன்" என்றார். இனி யாருக்கும் விற்பதில்லை, பிரித்துத்தான் போடவேண்டும் என்று சொல்லிவிட்டு, இன்ஜினுக்குத் தண்ணீர் கொண்டுவர வாளியோடு கிணற்றுக்குப் போனார்.

வேகமாகப் போகும்போது அது ஒடிந்திருந்தால் நான் இருந்திருக்க மாட்டேன், நீங்களும் இல்லை. மச்சான் காப்பாற்றினான் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கார் போனால் அவன் தங்கை வரமாட்டாள் என்பது அவனுக்குத் தெரியாதா? நான் மறுபடி கடலுக்குத்தான் போனேன். ஐஸ் பேக்டரியில் டிரைவர் வேலை கிடைத்து உங்கள் அம்மா திரும்பி வர இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அவளிடம் இன்று வரை இதைச் சொன்னதில்லை.

இப்போதும் என்னைத் தூங்கவிடாதது ஒன்று உண்டு. அந்தக் காரில் ஒரு ஆள் நீட்டிப் படுக்க இடமே கிடையாது. ஆனால் நான் ஒரு முழம் நகரும்போதெல்லாம், அடுத்த பதிலுக்கு முன்னால், உள்ளே ஒரு உடம்பு துணியோடு ஊர்ந்து நகர்கிற சத்தம் கேட்டது.

ரத்தினம் கிணற்றடியில் இருந்தபோது வலது பக்கம் போய் மறுபடி தட்டினேன். பதில் இல்லை. விரல் கணு தோல் உரிகிற வரை தட்டினேன், இல்லை. பிறகு சீட்டில் கிடந்த நோட்டை எடுத்து, கடைசிக் கையெழுத்துக்குக் கீழே பென்சிலால் தமிழில் எழுதினேன்: இடது கதவுக்கு அடியில் அழுகல், மற்ற இடம் சரி, சோதித்தது தேசப்பன். அவனுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அதனால் செங்கல் தூளில் என் கட்டைவிரலைத் தேய்த்து, அவன் பெயருக்குப் பக்கத்தில் ரேகை வைத்து, நோட்டை மூடினேன்.