மாமரத்துக்குக் கல்லுப்பு

இன்று காலை குளியலறைக் குழாய் அடைத்துக்கொண்டது. ஊசியால் குத்தினேன், வெள்ளைப் பொருக்கு உதிர்ந்தது. இதே வெள்ளையைப் பல வருடம் முன்பு எங்கள் மாமரத்தடியில் பார்த்துவிட்டு, என் மனைவி கமலா கோலமாவைச் சிந்திவிட்டாள் என்று அவளையே கடிந்துகொண்டவன் நான்.

தேங்காய்த்திட்டில் வீடு வாங்கியபோது கொல்லையில் ஒரு கிணறு இருந்தது. எட்டிப் பார்த்தாலே தண்ணீர், குடித்தால் இனிக்கும். சும்மா கிடைத்ததால் அதற்கு மரியாதை இல்லை. தெருவில் யார் வீட்டு ஆழ்துளைப் போர் ஆழமோ அவரே பெரிய மனிதர். பக்கத்து வீட்டு காதர் பாயைவிட ஒரு குழாயாவது கூடுதலாக இறக்காமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. இறக்கினேன். கிணற்றைக் கட்டட இடிபாடு கொட்டி மூடி, மேலே பைக் நிறுத்தினேன். கூப்பிடு தூரத்தில் கடல் இருப்பதும், ஆழத்தில் உறிஞ்சினால் அந்த உப்புத் தண்ணீர்தான் உள்ளே வரும் என்பதும் எங்கள் யாருக்கும் நினைவில்லை.

மாமரம் கமலாவுடையது. பாகூரிலிருந்து ஒட்டுக்கன்றாக மடியில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுவந்தாள். முதல் காய்ப்பு தன் தம்பிக்கு என்று சொல்லியும் வைத்திருந்தாள். கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்த மரம், போர் போட்ட வருடம்தான் முதன்முதலாகப் பூத்தது. கூடவே இலை ஓரமெல்லாம் தோசை போலத் தீய்ந்தது.

“பசிங்க அதுக்கு. ஏதாச்சும் போடுங்க” என்றாள்.

உரம் போட்டேன். இன்னும் தீய்ந்தது. இன்னும் போட்டேன். மண்ணில் உப்பேறிவிட்டால் வேரால் தண்ணீரையே இழுக்க முடியாது, சத்தை எங்கே இழுக்கும்? பந்தியில் உட்காரவைத்து, இலை நிறையப் பரிமாறி, கையைக் கட்டிப்போட்ட கதை. இந்த ஞானமெல்லாம் இப்போது. அப்போது என் கண்ணில் பட்டது பாயின் தென்னைதான்.

“கல்லுப்புதான் வைக்கிறேன் சார். காயைப் பாருங்க, கொத்துக் கொத்தா!”

தென்னைக்கு ஆவது மாமரத்துக்கு ஆகாதா? தாராளமாகக் கொட்டி, என் ஆழமான போரைத் திறந்துவிட்டேன். பிஞ்சும் இலையும் சேர்ந்தே உதிர்ந்தன.

பழம் தின்ன வந்த மச்சான் மொட்டை மரத்தைச் சுற்றி வந்தான். “இன்னா மாமா, மரத்தையே ஊறுகா போட்டுட்டீங்களா?”

நான் சிரித்தேன். கமலா சிரிக்கவில்லை.

மரம் போய்விட்டது. குடிக்கத் தண்ணீர் கேனில் வருகிறது. பாயின் தென்னை மட்டும் ஜோராக நிற்கிறது. சித்திரை பிறந்தால் மச்சான் போன் செய்வான்: “மாமா, மாம்பழம் எங்க?”

கமலா போனைப் பிடுங்கிக்கொள்வாள். “கெணத்துல விழுந்துட்ச்சிடா. மேல உங்க மாமா பைக் நிக்குது.”