மிச்ச ரவுண்டு

அன்று மைதானத்தில் இருந்தவர்கள்: பிட்னஸ் சார். கேப்டன் டேவிட். தண்ணீர் கேனோடு வாட்ச்மேன். நான்.

பிட்னஸ் சார் விளையாட்டு அறிவியல் படித்தவர். கல்லூரிக் கால்பந்து அணியின் உடம்பு அவர் பொறுப்பு. மார்பில் பட்டை கட்டி இதயத்துடிப்பு பார்ப்பார். கழிவறைச் சுவரில் சிறுநீரின் நிறங்களை வரிசையாக ஒட்டியிருந்தார். வெளுப்பாக இருந்தால் ஆடலாம். கறுக்கக் கறுக்க ஆபத்து. நல்ல ஏற்பாடுதான். அவரே செய்தது.

எனக்குப் படிப்பு ஏறாது. கால்பந்துக்காகக் கிடைத்த கல்லூரி சீட். திருவொற்றியூரில் கன்டெய்னர் லாரிகள் ரோட்டை அடைத்து நின்றன. பஸ் நகரவில்லை. தாமதமாகப் போனேன். தண்டனை இருபது ரவுண்டு. மே மாத வெயில். முடிக்கும்வரை தண்ணீர் கிடையாது என்றார் சார்.

பதினாலு முடித்து விழுந்தேன்.

கழிவறையில் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் வந்தது. டேவிட் ஓடிப்போய் சாரைக் கூட்டி வந்தான்.

"சார், செவுத்துல இந்தக் கலரே இல்ல சார்."

"தண்ணி குடிச்சா சரியாயிடும். நடிக்காதே. மிச்சம் ஆறையும் அப்புறம் ஓடு."

வலிக்கு மாத்திரை தந்தார். போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை அம்மா என்னைப் பார்த்ததும் மீன் கூடையைக் கீழே வைத்துவிட்டாள். "இன்னாடா நைனா, மூஞ்சி இப்டி ஊதிக்கீது?" ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்குப் போனோம்.

ராப்டோமயோலிசிஸ் (தசைநார் உடைந்து, அதன் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைப்பது) என்றார் டாக்டர் அம்மா.

"வலி மாத்திரை யாரு குடுத்தா? அது கிட்னியை இன்னும் கெடுக்கும்."

"எங்க சார்."

டயாலிசிஸ் (இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்வது) பல வாரம் நடந்தது. பிறகு நிறுத்தினார்கள். சிறுநீரகம் பாதிதான் திரும்பியது. நடக்கலாம், ஓடக்கூடாது.

இதைப் படிக்கிற ஆட்டக்காரர்களுக்கு ஒன்று. ஓடியபின் சிறுநீர் கறுத்து வந்தால் வீட்டுக்குப் போகாதீர்கள். வலி மாத்திரை போடாதீர்கள். நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

கல்லூரி விசாரித்தது. நான் ஏற்கெனவே இருந்த நோயை மறைத்தேன் என்று சார் சொன்னார். வாட்ச்மேன் வாய் திறக்கவில்லை. டேவிட் சொன்னதை யாரும் கேட்கவில்லை. சாருக்குப் பெரிய கிளப்பிலிருந்து அழைப்பு வந்திருப்பதாகப் பேச்சு.

நடக்க முடிந்ததும் மைதானத்துக்குப் போனேன். புதுப் பையன்களோடு சார் நின்றார்.

"இங்க எதுக்குடா வந்தே?"

"நீங்க சொன்ன ஆறு பாக்கி கீது சார்."

"அதெல்லாம் வேணாம், விடு."

"நீங்க அன்னிக்கி வுட்டீங்களா?"

ஒரு ரவுண்டு நடந்தேன். பையன்கள் யார் என்று கேட்டார்கள். சொன்னேன். வாட்ச்மேன் கேனைத் தூக்கிவந்து நடுவில் வைத்தார்.

அடுத்த ரவுண்டு, கிளப் ஆட்கள் சாரின் வேலையைப் பார்க்க வந்த அன்று. நான் நடப்பதைப் பார்த்து ஒருவர் கேட்டார், "யாருப்பா நீ?"

"சார் ரெடி பண்ண ஆளு சார். பாதி கிட்னியோட சுத்திகினு கீறேன்."

நடந்ததை மட்டும் சொன்னேன். கூட்டவில்லை. அந்த வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. எனக்குச் சந்தோஷம்தான்.

டாக்டர் அம்மா மனதில் எதையும் வைத்துக்கொள்ளாதே என்கிறார். உப்பைக் குறைத்துவிட்டேன். இதைக் குறைக்க மாட்டேன்.

முன்பெல்லாம் முழு ஆட்டமும் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். இப்போது ஒரு ரவுண்டுக்குள் கால் கனத்து, நின்று, மூச்சு வாங்கி, மறுபடி நடக்கிறேன். பொழுது நீளமாகிவிட்டது. எனக்கு அவசரமில்லை. அவர் எந்த மைதானத்தில் வேலைக்குச் சேர்ந்தாலும் அங்கே வருவேன்.

பாக்கி நாலு.