அழாத பிள்ளையின் வயிற்றுவலி

என் மகளுக்குக் காது குத்தியபோது அவள் அழவில்லை. ஆசாரி ஊசியை இறக்குகிறார், பிள்ளை சுவரில் ஊரும் எறும்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "மாஷா அல்லாஹ், என்னா சபுரு!" என்று கூடியிருந்த பெண்கள் வியந்துபோனார்கள். பொறுமைசாலி என்று பெயரே வைத்துவிட்டார்கள். அதே பிள்ளை, கழுத்தில் சந்தனம் தடவியதும் தெருவே அதிரக் கத்தினாள். அதை மட்டும் எல்லோரும் வசதியாக மறந்துவிட்டார்கள்.

துபாயிலிருந்து அவள் வாப்பா அனுப்பிய நைலான் கவுன்கள் பீரோவிலேயே கிடந்தன. உடம்பில் பட்டால் துடிப்பாள். குக்கர் விசில், மிக்சி, கல்யாண வீட்டு மைக் எதுவும் ஆகாது. தஞ்சாவூர் டாக்டர் ஒருவர் இதற்கு ஆட்டிசம் என்று பெயர் சொன்னார். "வலி இல்லேன்னு மட்டும் நெனச்சிடாதீங்கம்மா. இருக்கும். நம்மள மாதிரி காட்ட வராது" என்றார். வீட்டில் வந்து சொன்னேன். யார் காதில் ஏறியது?

அவளுக்கு எட்டு வயது நடந்துகொண்டிருந்தது. ஒரு நாள் காலை, தேங்காய் அரைக்க மிக்சியைப் போட்டேன். பிளக்கைத் தொட்டாலே காதைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடுகிறவள், அன்று அடுப்படிச் சுவரோரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கை மடியில் கிடந்தது. நெற்றியைத் தொட்டேன், லேசான சூடு. முதல்நாள் இரவும் சாப்பிடவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போகணும் லாத்தா" என்றேன், எங்களோடு இருந்த கணவரின் அக்காவிடம்.

"வலிச்சா கத்த மாட்டாளா? புள்ள இன்னக்கித்தான் அடங்கி ஒக்காந்திருக்கா. அதுவும் ஒனக்குப் பொறுக்கலியா?"

"அடங்கி ஒக்காந்திருக்கிறதுதான் லாத்தா பயமா இருக்கு."

"தம்பிகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போ."

எங்கள் தெருவில் அதுதான் வழக்கம். ஆண்கள் கடல் தாண்டி இருப்பார்கள். வெளியூர் ஆஸ்பத்திரி என்றால் அங்கே போன் போட்டு, அவர்கள் சரி என்ற பிறகுதான் செருப்பு மாட்டுவோம். என் கணவர் வேலையில் இருந்தார், போனை எடுக்கவில்லை. எடுக்கும்வரை உட்கார்ந்திருக்க நான் என்ன பைத்தியமா? தெருமுனைக் காரை வரச்சொல்லி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தஞ்சாவூருக்குக் கிளம்பிவிட்டேன்.

அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். அவள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலி இருக்கிற மாதிரி தெரியலியேம்மா. கேஸா இருக்கும். சிரப் தர்றேன்."

"இவளுக்கு வலி முகத்துல வராதுங்க டாக்டர். ஆட்டிசம். வாசல்ல ஆம்புலன்ஸ் சங்கு ஊதுது, காதப் பொத்தல பாருங்க. என் புள்ள இப்படி இருந்ததே இல்ல. ஸ்கேன் எடுங்க. எடுக்காம நான் இந்த எடத்த விட்டு நகர மாட்டேன்."

குரல் உயர்ந்துவிட்டது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே! டாக்டருக்கு முகம் சுண்டியது. ஆனால் நல்ல மனிதர். அவளை இன்னொரு முறை நிதானமாகப் பார்த்துவிட்டு ஸ்கேனுக்கு எழுதினார்.

குடல்வால் வீங்கி, வெடிக்கிற நிலையில் இருந்தது. மதியத்துக்குள் ஆபரேஷன் முடிந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று டாக்டரே வந்து சொன்னார். அப்போதுதான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன்.

சாயங்காலம் துபாயிலிருந்து அவர் போன் செய்தார். நடந்ததைச் சொன்னேன்.

"புள்ள ரொம்ப அழுதாளா?"

"அழவே இல்லீங்க. அதனாலதான் அவள இழந்திருப்போம்."

அந்தப் பக்கம் அவர் தேம்புவது கேட்டது. ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லித்தானே ஆகவேண்டும்.

"அழுவாதீங்க. லீவு போட்டுட்டு வாங்க. இவளுக்கு வலிச்சா எப்படித் தெரியும்னு நீங்களும் கத்துக்கணும். நாளைக்கு எனக்கே ஒண்ணுன்னா, அப்புறம் இந்த ஒலகத்துல அது யாருக்குங்க தெரியும்?"