எட்டுப் பாட்டும் ஒரு கட்டுரையும்

ஆந்திராவிலுள்ள எங்கள் புத்தூர்ப் பள்ளியில் என்னோடு படித்தவன், எட்டுப் பாட்டை எழுதிப் பாடி ஒரு ஆல்பம் வெளியிட்டான். தமிழ்ப் பாட்டு என்பதால் இங்குள்ள தெலுங்குப் பேப்பர் கண்டுகொள்ளவில்லை. ஆந்திராக்காரன் என்பதால் சென்னைப் பேப்பரும் கண்டுகொள்ளவில்லை. இரண்டு பக்கத்துக்கும் வேண்டாதவர்களாக இருப்பது எங்களுக்குப் பழகிவிட்ட விஷயம்.

திருப்பதியில் அவனுக்கு டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்த நாட்களில், அவன் மனைவி அந்த ஆல்பத்தைப் பற்றி இணையக் கலைக்களஞ்சியத்தில் ஒரு கட்டுரை எழுதிப் போட்டாள். நான் அங்கே பல வருடமாகச் சம்பளமில்லாமல் கட்டுரை திருத்துகிறவன். அதனால் என்னிடம்தான் முதலில் காட்டினாள். மறுநாளே யாரோ அதை நீக்கும் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். பாட்டு நல்லதா கெட்டதா என்பது அங்கே பேச்சே இல்லை. வெளியார் யாராவது அதைப் பற்றி எழுதியிருக்கிறார்களா என்பதுதான் கேள்வி. வேண்டியவர்கள் விஷயத்தில் தலையிடக் கூடாது என்று விதி இருப்பதால் நான் ஒதுங்கி நின்றேன்.

"அவரு இருக்கசொல்லவே அது நின்னுடணும்ண்ணா" என்றாள். விவாதம் இழுத்துக்கொண்டே போனது. அதற்குள் அவன் போய்விட்டான்.

எங்கள் பக்கத்தில் சாவுச் செய்தியை நாமே எழுதி தெலுங்குப் பேப்பர் நிருபருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவது வழக்கம். அவர் அப்படியே போட்டுவிடுவார். இந்த முறை எழுதியது நான். ரசிகர்கள் மனதில் இடம்பிடித்த ஆல்பம் என்று தெலுங்கில், அழுதுகொண்டே எழுதினேன். மறுநாள் ஜில்லா பக்கத்தில் ஓர் எழுத்துகூட மாறாமல், நிருபர் பெயரோடு வந்தது. அவள் அதைப் படமெடுத்து ஆதாரமாகச் சேர்த்தாள். நீக்கச் சொன்ன இரண்டு பேர் மனம் மாறினார்கள்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் கட்டுரை நின்றிருக்கும். பாழாய்ப்போன மனசு கேட்கவில்லை. அந்த வரிகளை எழுதியது நான்தான், அவனுடைய நண்பன் என்று அந்த விவாதத்தில் போட்டுடைத்தேன். கட்டுரையை நீக்கிவிட்டார்கள்.

காரியம் முடிந்த மறுநாள் அவளிடம் போய் நடந்ததைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"உடுங்கண்ணா. அவரு ஆஸ்பத்திரிலயே உங்களப் பத்திச் சொல்லிக்கினு இருந்தாரு. கட்டுரை இருந்தா இன்னா, போனா இன்னா, எட்டுப் பாட்டையும் முழுசா கேட்டவன் அவன் ஒருத்தன் இருக்கான், போதும்னு."

அவன் அனுப்பிய பாட்டுகள் என் போனில்தான் இருந்தன. முதல் பாட்டில் பாதிவரை மட்டும் கேட்டுவிட்டு, சூப்பர்டா என்று பதில் போட்டிருந்தேன். அவளிடம் ஆமாம் என்று தலையாட்டினேன்.