யப்பானிய நாவல்களைப் பற்றி நான் பேசிய ஞாயிற்றுக்கிழமை

வெக்ஸ்போர்ட்டில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஆறு வருடமாக நான் தேநீர் ஊற்றுபவளாகவும் கதிரை அடுக்குபவளாகவும்தான் இருந்தேன். போன வருடம் பேச இருந்தவருக்குச் சுகமில்லாமற்போக, வட்டத்தை நடத்தும் அண்ணை எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

“தங்கச்சி, நீர் ட்ரெயினில என்னவோ யப்பான் நாவல்கள் வாசிக்கிறனீராம். அதைப் பற்றி ஒரு அரை மணித்தியாலம் சொல்லுமன்.”

ஓம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

நாங்கள் இருக்கும் அஜக்ஸிலிருந்து நகரத்துக்கு வேலைக்குப் போகும் ரயிலில் நான் வாசித்தவை ஆங்கிலத்தில் வந்த நவீன யப்பானிய நாவல்கள். பெரும்பாலும் கலியாணமானவர்களின் கதைகள். புருஷனும் பெண்சாதியும் ஒரே மேசையில் சாப்பிடுவார்கள், மழையைப் பற்றிப் பேசுவார்கள். ஒருவருக்கு மற்றவர்மேல் உள்ள ஆசையை மட்டும் இருவருமே ஒளித்து வைத்திருப்பார்கள். களவுக் காதலை ஒளிப்பது எனக்கு விளங்கும். சொந்தப் புருஷன்மேல் உள்ள ஆசையை ஏன் ஒளிக்க வேண்டும் என்று முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு ஒருநாள் ரயில் ஏரிக்கரையோடு போகும்போது புத்தகத்தை மூடிவிட்டேன். நானும் அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன்.

என் கணவர் அப்போது மூன்று வருடமாக அடுத்த அறையில் படுத்துவந்தார். உறக்கத்தில் அவருக்கு மூச்சு நின்று நின்று வருகிறதென்று டாக்டர் ஒரு மெசினும் மூக்கில் மாட்ட ஒரு மாஸ்க்கும் கொடுத்திருந்தார். “சத்தம் உம்மை எழுப்பிப்போடும்” என்று தலையணையையும் தூக்கிக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை. பிள்ளைகள் வேறு ஊர்களில் படிக்கிறார்கள். என்னில் அவருக்கு விருப்பம் விட்டுப்போய்விட்டதென்று எடுத்துக்கொண்டேன். ஐம்பத்தொரு வயதில் அதைப் போய் எப்படிக் கேட்பது?

கூட்டத்துக்கு அவர்தான் காரில் கொண்டுபோனார். எதைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று கேட்டதற்கு “யப்பான் இலக்கியம்” என்று மட்டும் சொன்னேன். வழமையாக என்னை இறக்கிவிட்டுச் சாமான் வாங்கப் போய்விடுவார். அன்று நான் முதல் தடவை பேசுவதால் உள்ளே வந்து இருந்துவிட்டார்.

முப்பது பேர் இருக்கும். எழுதிக்கொண்டுபோன தாளை இரண்டு நிமிடத்துக்குப் பிறகு நான் பார்க்கவேயில்லை. அந்த எழுத்தாளர்கள் இப்படி ஒளிப்பதைப் பாவம் என்றும் சொல்வதில்லை, அடக்கம் என்று புகழ்வதுமில்லை என்றேன். சொல்லாமல் விட்ட ஆசை சும்மா கிடக்காது. வேவு பார்க்கும், தானாக ஊகிக்கும், பிறகு அந்த ஊகத்துக்காக மற்றவரைத் தண்டிக்கும். சில நாவல்களில் அந்த மௌனமே இருவருக்கும் இன்பமாகவும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொன்னேன்.

முன்வரிசையில் ஓர் அங்கிள் எழும்பினார். “பிள்ளை, நல்லாப் பேசினீர். ஆனா உது யப்பான்காரற்ற பிரச்சினை. எங்கட குடும்பங்களுக்கு உது ஏன்?”

“எங்கட குடும்பங்களில இது இல்லையெண்டு உங்களுக்கு ஆர் அங்கிள் சொன்னது?” என்றேன். “ஒருத்தரும் வாய் திறக்காததாலதான் இல்லையெண்டு நினைக்கிறம்.”

பெண்கள் இருந்த பக்கத்தில் கைதட்டல் எழுந்தது. என் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிமிரும்.

அடுத்துக் கை உயர்த்தியவர் என் கணவர். கூட்டங்களில் வாயே திறக்காத மனிதர்.

“அந்தக் கதையளில,” என்று தொடங்கி, தொண்டையைச் செருமிக்கொண்டார். “புருஷன் கேட்டிருந்தா மனுசி சொல்லியிருப்பாவோ?”

“கேட்டிருந்தாச் சொல்லியிருப்பா.”

“சரி” என்று இருந்துவிட்டார்.

திரும்பும் வழியில் 401 நெடுஞ்சாலையில் கார்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. ரோட்டைப் பார்த்தபடியே அவர் கேட்டார்.

“அப்ப நான் கேக்கிறன். உமக்கு என்ன வேணும்?”

கன்னமெல்லாம் சுட்டது. “நீங்கள் எங்கட அறைக்குத் திரும்பி வரவேணும்,” என்றேன். “படுக்க மட்டுமில்லை.”

அவர் மெல்லச் சொன்னார்: “அந்த மாஸ்க்கோட என்னைப் பாத்தா உமக்கு அருவருக்கும் எண்டு நினைச்சனான். வருத்தக்காரக் கிழவன் மாதிரி. அதுதான் கதவைச் சாத்தினனான். நீரும் ஒண்டும் கேக்கேல்லை.”

“மூண்டு வருசமாவோ?”

“ஓம்.”

அவர் தோளில் ஓங்கி ஓர் அடி போட்டேன். “கார் ஓடுறன், அடியாதையும்” என்றார். இரண்டு பேரும் சிரிக்கத் தொடங்கினோம். பிக்கரிங் தாண்டும்வரை நிறுத்த முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும், வெளிச்சம் இருக்கும்போதே மெசினை எங்கள் அறைக்குத் தூக்கிவந்தார். மாஸ்க்கின் பட்டியை நான்தான் மாட்டிவிட்டேன். கண்ணாடியில் பார்த்து அவர் முகத்தைச் சுளித்தார். எனக்கு அவர் அழகாகவே இருந்தார். அதை மனதுக்குள் வைத்துக்கொள்ளாமல் சொன்னேன்.

அடுத்த சில வாரங்களில் நான்கு பெண்கள் புத்தகங்களைப் பற்றிக் கேட்டு எனக்குத் தொலைபேசி எடுத்தார்கள். கடைசியாக எடுத்தவள் அப்போது புதிதாகக் கலியாணமான பிள்ளை.

“அன்ரி, எல்லாருக்கும் முன்னால அப்பிடிக் கதைக்க உங்களுக்குப் பயமா இருக்கேல்லையோ?”

“இருந்தது பிள்ளை. எண்டாலும் கதைச்சு முடிச்சன்.”

நான் தொலைபேசியை வைத்ததும், பக்கத்தில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்த என் கணவர் “ஆரப்பா?” என்று கேட்டார்.

“என்ர பேச்சைக் கேட்ட பிள்ளை,” என்றேன். “எந்தப் புத்தகத்தில தொடங்கிறதெண்டு என்னட்டக் கேக்கிறா.”