அஷ்டமியில் ஆரம்பிக்காத அறிக்கை

சித்தூர் மாம்பழக்கூழ் ஆலையின் விற்பனை மேலாளர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். சட்டைப்பையிலிருந்த பஞ்சாங்கத்தைப் பார்க்காமல் எதையும் தொடமாட்டார்.

விற்பனை அறிக்கைக்கு வேண்டிய தேதிகளை அவரே கணினியில் தேர்ந்தெடுக்கும் வசதியைச் செய்து, திருப்பதியிலிருந்து கொண்டு போயிருந்தேன். அவர் ஒப்புக்கொண்டால்தான் என் வேலை நிரந்தரமாகும். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான்.

“போன மாசம் ஒன்னாந்தேதியிலேர்ந்து போடுங்க சார்.”

“அன்னிக்கி அஷ்டமிம்மா. அதுல ஆரம்பிக்கக் கூடாது.”

“அது முடிஞ்சிபோன மாசம் சார்.”

“அதான் வியாபாரம் படுத்துக்கினு இருக்குது.”

முந்தின நாளான சப்தமியிலிருந்து தேர்ந்தெடுத்தார். திரையில் ஏற்கெனவே இருந்த ஒன்றாம் தேதிக் கணக்கைவிட மொத்த விற்பனை ஏறியது.

“பாத்தியா?” என்றபடி ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

ஒரு நாள் கூடுதலாகச் சேர்ந்ததை விளக்கத்தான் வாயைத் திறந்தேன். அது என்னைக் கேட்காமலே, “ஆமா சார்” என்றது.